ஐந்துக்குப் பின்னால் வரும் எண்

ஒரே பெயரும் ஒரே எண்ணும் போட்ட இரண்டு பொருள்கள் எப்படி வேறு வேறாக இருக்க முடியும்?

மேரி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கவரைப்பேட்டையில் அவள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. அவன் ஏன் திறக்கவில்லை, அதனால் மேரியின் மகள் எதை இழந்தாள் என்பதுதான் இந்தக் கதை.

மேரிக்கு நாற்பத்து மூன்று வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கட்டடத் தூண்களுக்கு இரும்புக் கூடு கட்டித் தரும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். சேரும்போது பெருக்குகிற வேலை. இப்போது வாசலுக்கு வரும் கம்பி லோடுகளைச் சோதிக்கிற வேலை. லாரி வந்து நிற்கும். டிரைவர் ஒரு தாளை நீட்டுவான். கம்பி செய்த மில்லின் சான்று அது. ஒவ்வொரு கம்பிக் கட்டிலும் ஒரு தகரச் சீட்டு தொங்கும். தாளில் இருக்கிற எண்ணும் சீட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சீட்டு கிழிந்திருந்தாலும் அதே கதிதான்.

இந்தச் சீட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தரம். ஐநூறு என்று போட்டிருந்தால் ஐநூறுதான். எந்த மில்லில் செய்தாலும், எந்த வருடம் செய்தாலும் அதற்கு ஒரே பலம் இருக்க வேண்டும், அது சட்டம். அதற்குப் பின்னால் வரும் நீள எண், எந்த முறை உருக்கியது என்பதற்கான அடையாளம். லாட் நம்பர் என்பாள் மேரி. அது லோடுக்கு லோடு மாறும். மாறினாலும் தரம் மாறாது. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேரியைக் கவிழ்த்தவை இவைதான்.

டிரைவர்களுக்கு மேரியைக் கண்டால் ஆகாது. தடா பக்கத்திலிருந்து வரும் ஒரு டிரைவர், அவன் லாரியை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிய அன்று, எல்லார் முன்னாலும் கத்தினான்.

"எம்மா, உன் கல்யாணத்துலகூட மாப்ளய தட்டிப் பாத்துதான் ஒத்துகினியா?"

"அப்ப நான் இந்த வேலைல இல்ல நைனா. இருந்திருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்" என்றாள் மேரி, தாளில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மாப்பிள்ளை அன்புசெல்வன். ஒரு மில்லில் ஷிப்ட் வேலை. வம்புக்குப் போகாத மனிதர். வம்பு வீட்டுக்கு வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரே மகள் ஜெனிபர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். ஊரில் அந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏதாவது ஒரு மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. ஜெனிபர் ஒரு வருடம் நின்றாள். பிறகு அம்பத்தூரில் வரைபடம் போடும் கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். அவர்கள் பதில் அனுப்பினார்கள். தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், சொந்தக் கம்ப்யூட்டரில். தேர்ச்சி பெற்றால் வேலையும் அதே கம்ப்யூட்டரில்தான். அது எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு வரிகள் கொடுத்திருந்தார்கள்.

முதல் வரி: ஐந்து வரிசை ப்ராசஸர், பன்னிரண்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. இரண்டாவது: பதினாறு ஜிபி ராம். மூன்றாவது: ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபி எஸ்எஸ்டி. நான்காவது: கேமரா.

தேர்வு நாள் ஒரு சனிக்கிழமை. அதற்கு ஐந்து வாரம் இருந்தது.

சேதி கேட்டதும் முதலில் வந்து நின்றவன் லோகு. அன்புசெல்வனின் தம்பி. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தான்.

"அண்ணி, வெளிய எங்கயும் அலைய வேணாம். ரெண்டே வருஷம் ஓடின மிஷின். ஒரு டாக்டர் வெச்சிருந்தாரு. ஜெனி கேக்கற எல்லாமே இதுல இருக்குது."

ஜெனிபர் மூடியைத் திறந்தாள். மேரி மூடியைத் திறக்கவில்லை. வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்த இடம் வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்தது. நகத்தால் சுரண்டிய கோடுகள் தெரிந்தன.

"இங்க இருந்த சீட்டு எங்க லோகு?"

"தேஞ்சி போயிருக்கும். கை பட்டுப் பட்டு."

"தேஞ்சா ஓரமெல்லாம் தேயும். இது சொரண்டினது. எடுத்துகினு போ."

"அண்ணி, நான் லாரி டிரைவர் இல்ல. உன் புருஷனோட கூடப் பொறந்தவன்."

அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவன் அந்த நிமிடம் 'நீ'க்கு வந்துவிட்டான். அன்புசெல்வன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

"யாரா இருந்தா இன்னா? சீட்டு இல்லாத சரக்கு எனக்கு வேணாம்."

"சரி. கம்பிய தூக்கிப் பாக்கறவ கம்ப்யூட்டரப் பாக்கப் போற. வெப்சைட்ல பாத்து வாங்கு. நானும் பாக்கறேன். பரீட்சை அன்னிக்கு ஓடலன்னு என் கடைப் பக்கம் வந்து நிக்காத."

"உன் கடைக்கு நான் வந்தா என் பேரு மேரி இல்ல."

மறுநாள் காலை ஏழு பத்து ரயில் வண்டியில் மேரி இதைச் சொன்னாள். அந்த வண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நூற்று நாற்பது பேர். மேரி குழுவில் எதுவும் போடவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் ஸ்டிக்கர் சுரண்டியிருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வண்டி கும்மிடிப்பூண்டி சேர்வதற்குள் பெட்டி முழுவதும் தெரிந்துவிட்டது. மேரி வேண்டாம் என்று சொன்ன சரக்கை அந்தப் பேட்டையில் யாரும் தொடமாட்டார்கள். அந்த மாதம் லோகுவின் கடையில் பழைய லேப்டாப் ஒன்றும் விற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மேரி தொழிற்சாலையில் தீர்ந்துபோன ஒரு பதிவேட்டின் பின் பக்கத்தில் கோடு போட்டாள். மூன்று கம்பெனிகள், மூன்று பத்திகள். ஜெனிபர் போனில் ஒவ்வொரு கம்பெனியின் வெப்சைட்டையும் திறந்து படிக்க, மேரி எழுதுவாள் என்று ஏற்பாடு. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தார்கள். நான்கு ஞாயிறுகள் ஆனது.

முதல் கம்பெனியின் வெப்சைட்டில் ஒரு பெண் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிரித்தாள்.

"மெஷினப் பாத்து எவடி இப்டிச் சிரிப்பா? லூசா அவ?"

"ம்மா, அது விளம்பரம். எழுது."

இரண்டாவதில் ஒரு மலை. மலை உச்சியில் ஒரு பாறை மேல் லேப்டாப் தனியாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவதில் படம் குறைவு, நட்சத்திரக் குறி அதிகம். எந்த எண்ணைப் பார்த்தாலும் தலையில் ஒரு நட்சத்திரம். அது என்ன என்று தேடி அடிவரை போனால், எறும்பு அளவு எழுத்தில் பன்னிரண்டு குறிப்புகள். அதில் ஒன்று, படத்தில் இருப்பதும் வந்து சேருவதும் வேறாக இருக்கலாம் என்றது.

"ராம் பதினாறு ஜிபி வரைன்னு போட்டிருக்கான்" என்றாள் ஜெனிபர்.

"வரைன்னா?"

"எட்டும் இருக்கலாம், பதினாறும் இருக்கலாம்."

"பன்னெண்டு எம்எம் வரைன்னு ஒருத்தன் கம்பி குடுத்தா நான் கேட்டத் தொறப்பனா? அடி அவன."

நட்சத்திரக் கம்பெனி அன்றே அடிபட்டது.

மற்ற இரண்டிலும் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்க முடியவில்லை. சிரிக்கிற பெண் கம்பெனி தன் திரையைக் 'கண் காக்கும் திரை' என்றது. மலைக் கம்பெனி 'உயிருள்ள திரை' என்றது. ஒருவன் எடையை பேட்டரியோடு சொன்னான். இன்னொருவன் 'இதிலிருந்து தொடங்கும்' என்றான். எங்கே போய் முடியும் என்று எழுதவில்லை. எல்லா வெப்சைட்டிலும் 'ஒப்பிடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. மேரி ஆசையாக அழுத்தச் சொன்னாள். அந்தக் கம்பெனியின் ஒரு மாடலும் அதே கம்பெனியின் இன்னொரு மாடலும் வந்து நின்றன.

"இவன் அண்ணனையும் இவன் தம்பியையும் நிக்க வெச்சி யாரு அழகுன்னு நம்மளக் கேக்கறான். பக்கத்து ஊட்டுக்காரன நிக்க வெக்க மாட்டானா?"

"வெச்சா அவனுக்கு இன்னாம்மா லாபம்?"

"அப்ப அந்தப் பொத்தானுக்கு இன்னா பேரு? ஒப்பிடா?"

மேரிக்குக் கோபம் ஞாயிற்றுக்கு ஞாயிறு ஏறியது. லாரி டிரைவர் பொய் சொன்னால் முகத்தில் தெரியும், குரல் மாறும், தாளை நீட்டும் கை இழுக்கும். இங்கே திட்டுவதற்குக்கூட ஒரு முகம் இல்லை. மலைக் கம்பெனியின் பக்கத்தில் மூலையில் ஒரு பேச்சுப் பெட்டி இருந்தது. 'வணக்கம், நான் நிலா, உங்களுக்கு எப்படி உதவட்டும்' என்றது. இந்த மாடல் எத்தனையாவது தலைமுறை என்று ஜெனிபர் எழுதிக் கேட்டாள். 'எங்கள் எல்லா மாடல்களும் புதிய தலைமுறை அனுபவத்தைத் தருகின்றன' என்றது நிலா. திருப்பிக் கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்டதும், உரையாடலுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று நிலா கேட்டது.

கடைசி ஞாயிறு, பதிவேட்டில் இரண்டு பத்திகள் மிஞ்சின. சிரிக்கிற பெண், மலை. இரண்டிலும் ஐந்து வரிசை ப்ராசஸர். இரண்டிலும் பதினாறு, ஐநூற்றுப் பன்னிரண்டு, கேமரா. ஆனால் மலைக் கம்பெனியில் விலை நன்றாகக் குறைவு. அப்போதுதான் மேரி அந்தக் கேள்வியைத் தெருவில் கண்டவர்களிடமெல்லாம் கேட்டாள். ஒரே பெயர், ஒரே எண், அப்புறம் ஏன் இது குறைவு? சரக்கு வேறயா? எல்லாரும் தோளைக் குலுக்கினார்கள். தள்ளுபடியாக இருக்கும் என்றார்கள். லோகுவும் ஒருநாள் அண்ணனைப் பார்க்க வந்தவன் வாசலில் நின்றபடி இந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டான். கேட்டுவிட்டு, "நான் இன்னா சொல்றது? நான்தான் திருட்டுப் பய ஆச்சே" என்று போய்விட்டான்.

ஜெனிபர் மட்டும் ஒன்றைக் கவனித்தாள்.

"ம்மா, அஞ்சுக்குப் பின்னாடி ஒரு நீள நம்பர் இருக்குது பாரு. இதுல பதிமூணுன்னு ஆரம்பிக்குது. மலைல பத்துன்னு ஆரம்பிக்குது. ரெண்டும் வேற வேற."

மேரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். பதினோரு வருடம் ஒரு நாளைக்கு இருபது முறை பார்த்த காட்சிதான் அது. முதலில் தரம். பின்னால் நீள எண்.

"அது லாட் நம்பருடி. லோடுக்கு லோடு மாறும். தரம் அஞ்சு. அஞ்சுன்னா எவன் செஞ்சாலும் அஞ்சுதான். இவன்தான் புதிய தலைமுறைன்னு வேற போட்டிருக்கானே."

அம்மா எண்ணைப் பற்றிச் சொன்னால் அதில் தப்பு இருக்காது என்று ஜெனிபர் வளர்ந்தவள். சரி என்று தலையாட்டினாள். பக்கத்தைப் போனில் படமாகப் பிடித்து வைக்கச் சொன்னாள் மேரி; சான்றுத் தாளைப் பத்திரப்படுத்துவது போல. அதற்குப் பிறகு மலைக் கம்பெனியில் வாங்கினார்கள். அந்தப் பணத்துக்காக மேரி தன் ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்திருந்தாள்.

தேர்வு வாரம் திங்கட்கிழமை பெட்டி வந்தது. மேரி பெட்டியின் ஆறு பக்கத்தையும் படித்தாள். பெட்டியில் இருந்த எண், பில்லில் இருந்த எண், லேப்டாப்பின் அடியில் இருந்த ஸ்டிக்கர். மூன்றும் ஒன்று. ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்த வெப்சைட் பெண்ணைப் போலவே சிரித்தாள் என்று ஜெனிபர் பின்னால் சொன்னாள்.

தேர்வுக்கு முன் கம்ப்யூட்டரைச் சோதிக்க அம்பத்தூர் கம்பெனி ஒரு சின்ன ப்ரோகிராம் அனுப்பியிருந்தது. அதை ஓட்டினால் நான்கு வரிகளும் பச்சையாக வர வேண்டும். வராத கம்ப்யூட்டரில் தேர்வு திறக்காது. செவ்வாய் சாயங்காலம் ஜெனிபர் ஓட்டினாள். இரண்டாவது வரி பச்சை. மூன்றாவது பச்சை. நான்காவதும் பச்சை. முதல் வரி சிவப்பு. பத்தாம் தலைமுறை, தகுதி இல்லை என்று எழுதியிருந்தது.

மறுபடி ஓட்டினாள். மறுபடி சிவப்பு.

மேரி தன் பதிவேட்டை எடுத்து வந்து விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். எழுதியதில் தப்பில்லை. எழுதியது அத்தனையும் வெப்சைட்டில் இருந்தது. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

எப்படித்தான் தெரிந்ததோ, புதன்கிழமை லோகு வந்துவிட்டான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"ஓடலயாமே?"

"பத்தாம் தலைமுறைன்னு வருது சித்தப்பா. அஞ்சுக்குப் பின்னாடி இருக்கறது லாட் நம்பர்னு அம்மா சொல்ச்சு" என்றாள் ஜெனிபர்.

"அது லாட் நம்பர் இல்ல அண்ணி." அவன் ஒவ்வொரு வார்த்தையாக, மிட்டாய் சப்புவது போலச் சொன்னான். "இந்த மாடல்ல அஞ்சுக்குப் பின்னாடி வர்ற மொத ரெண்டு நம்பர்தான் தலைமுற. பத்துன்னா பத்து. பதிமூணுன்னா பதிமூணு. அஞ்சுல பழைய அஞ்சும் இருக்குது, புது அஞ்சும் இருக்குது. பழச விக்கறவன் பின்னாடி இருக்கறத பெருசா போடுவானா? கம்பி இல்ல இது."

"வாசல்ல நின்னு கேட்டுகினு போனியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியாம? பத்து வருஷமா இதான என் பொழப்பு."

"தெரிஞ்சுகினே வாய மூடிகினு போன."

"நீ என்னிய கேட்டியா? ஊர்ல இருக்கற எல்லாரையும் கேட்ட. என்னக் கேட்டியா?"

மேரி அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ கொண்டாந்தியே, டாக்டரு மிஷினு. அது எத்தனாவது தலைமுற?"

லோகு வாசலைப் பார்த்தான்.

"அதுக்குத்தான் ஸ்டிக்கர சொரண்டினியா? அந்தப் பின்னாடி நம்பருக்குத்தான?"

அவன் எழுந்து போனான். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை மேரி விடுப்பு போட்டுவிட்டு மலைக் கம்பெனிக்குப் போன் செய்தாள். தொழிற்சாலையில் ஒரு லோடைத் திருப்பி அனுப்பும்போது எழுதுவது போலவே ஒரு தாள் எழுதி வைத்துக்கொண்டாள். சொன்னது என்ன, வந்தது என்ன, வித்தியாசம் என்ன, முடிவு என்ன. ஜெனிபர் பிடித்து வைத்த படங்களையும் சேர்த்து அனுப்பினாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் வந்தான்.

"மேடம், அந்தப் பக்கத்துல தலைமுறைன்னு எந்த நம்பரும் போடலயே."

"புதிய தலைமுறைன்னு போட்டிருக்குதே."

"அது 'புதிய தலைமுறை அனுபவம்' மேடம். அனுபவம்ங்கறது விளம்பர வாசகம்."

"அப்ப அனுபவத்த மட்டும் இங்க வுட்டுட்டு, பெட்டிய எடுத்துகினு போ."

பையன் சிரித்துவிட்டான். சிரித்த குற்றத்துக்கோ என்னவோ, புகாரைப் பதிவு செய்தான். ஆனால் பெட்டியை எடுக்கப் பத்து நாளாவது ஆகும். பணம் அதற்கும் பிறகுதான் வரும் என்றான். சனிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது. தேதியை மாற்ற முடியாது என்று அம்பத்தூர் கம்பெனியும் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் ஜெனிபரின் போனுக்கு லோகுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அம்மாவக் கூட்டிகினு கடைக்கு வா. என் மிஷின் பதிமூணு.'

கடைக்கு வந்தால் என் பேர் மேரி இல்லை என்று சொன்னவள், வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அந்தக் கடைப் படியில் ஏறினாள். கடையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். லோகு யாரையும் வெளியே அனுப்பவில்லை. தன் சொந்த லேப்டாப்பை ஜெனிபர் பக்கம் திருப்பி வைத்தான். சோதனை ப்ரோகிராமை ஓட்டச் சொன்னான். நான்கு வரிகளும் பச்சை. ஜெனிபரின் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் காலைல இருந்து சாயங்காலம் வரிக்கும் இவளுதே. நான் கடையக் கூட மூடிக்கறேன், சத்தம் இருக்காது" என்றான் லோகு. பிறகு மேரியிடம் திரும்பினான். "ஆனா உன் வாயால என் யாவாரம் போச்சு. உன் வாயாலயே அத நீ குடுக்கணும். உங்க ஏழு பத்து குரூப்புல ஒரு வாய்ஸ் போடு. லோகு கடைல குடுத்த மிஷின நான் பாத்தேன், நல்ல மிஷின், நான்தான் தப்பா சொல்ட்டேன்னு. அவ்ளோதான். டப்பு கிப்பு ஒண்ணும் வேணாம்."

மேரியின் வார்த்தைக்கு அந்தப் பேட்டையில் என்ன விலை என்று அவனுக்கு மேரியைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"ம்மா" என்றாள் ஜெனிபர். "சொல்டுமா. ஒரே ஒரு வாட்டி."

மேரி போனை எடுத்தாள். குழுவைத் திறந்தாள். மைக்கை அழுத்தினாள். நூற்று நாற்பது பேர். இந்த மாதமே ஆறு பேர் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க நினைத்துக்கொண்டிருந்தார்கள். மேரி நல்லது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர், பெருக்குகிற வேலையில் அவளோடு குப்பைக் கூடை தூக்கியவர்கள்.

"நான் மேரி பேசறேன்" என்று தொடங்கினாள். "கம்ப்யூட்டர் வாங்கறவங்க கேட்டுக்கோங்க. நான் கம்பெனி வெப்சைட்டப் பாத்து நாலு வாரம் எழுதி, தப்பா வாங்கிட்டேன். அஞ்சுன்னு போட்டிருந்தா அஞ்சுன்னு நெனச்சேன். அப்டி இல்ல. அஞ்சுக்குப் பின்னாடி ஒரு நம்பர் வருது. அதான் எல்லாம். அந்த நம்பர முழுசா எழுதிக்கோங்க. லேப்டாப் விக்கறவன் வெப்சைட்ல தேடாதீங்க, உள்ள இருக்கற சிப்ப செய்யறவன் வெப்சைட்ல போட்டுப் பாருங்க. எந்த வருஷத்துச் சரக்குன்னு அங்கதான் வரும். அந்த நம்பர் எங்கயும் இல்லன்னா வாங்காதீங்க. சொரண்டியிருந்தா கையாலயே தொடாதீங்க. லோகு கடைல நான் பாத்தது சொரண்டின மிஷின். எம் பொண்ணு பரீட்சை என்னால போச்சு. உங்க புள்ளைங்களுது போவ வேணாம்."

விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்த சத்தம் கடையில் எல்லாருக்கும் கேட்டது.

லோகு லேப்டாப் மூடியை அறைந்து சாத்தினான். ஜெனிபர் கையை எடுத்த அதே நொடியில்.

"எந்திரி. ரெண்டு பேரும் எந்திரிங்க."

கவரைப்பேட்டை வரை வண்டியில் ஜெனிபர் வேறு பெட்டியில் ஏறி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு முறை பேசினாள்.

"உன் பேரு கெடக் கூடாது. என் பரீட்சை கெடலாம். அப்டித்தான?"

அப்படி இல்லை என்று மேரி சொல்லலாம். ஆனால் ஜெனிபர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்தது, அது மேரிக்குத் தெரியும். எண்ணைத் தப்பாகப் படித்தது அவள். விலை கொடுத்தது மகள். சனிக்கிழமை தேர்வு தொடங்கும் நேரத்தில் ஜெனிபர் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மலைக் கம்பெனியின் லேப்டாப் மேசை மேல் மூடிக் கிடந்தது.

பதினேழு நாள் கழித்து ஆள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பணம் வந்த பிறகு சிரிக்கிற பெண் கம்பெனியில் வாங்கினார்கள். வாங்கும் முன் பின்னால் வரும் எண்ணைச் சிப் செய்பவனின் வெப்சைட்டில் ஜெனிபர் தானே போட்டுப் பார்த்தாள், அம்மாவைக் கேட்கவில்லை. நான்கு வரியும் பச்சையாக வந்தது. மூன்று மாதம் மறுபடி மிஷின் முன்னால் நின்றுவிட்டு, அடுத்த தேர்வை எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அன்புசெல்வன் இன்னும் டீ குடிக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். லோகு, கிறிஸ்துமஸுக்குக்கூட வாசல் மிதிக்கவில்லை.

மேரியின் குரல் மட்டும் நிற்கவில்லை. ஏழு பத்து குழுவிலிருந்து ஏழு நாற்பது குழுவுக்குப் போனது; அங்கிருந்து பொன்னேரிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் போனது. போன வாரம் தடா டிரைவர் லாரியை நிறுத்திவிட்டு, சான்றுத் தாளை நீட்டுவதற்கு முன் தன் போனை நீட்டினான்.

"எம்மா, என் பையனுக்கு இத வாங்கலாம்ன்றான். இந்தப் பின்னாடி நம்பரப் பாத்துச் சொல்லு."

மேரி பார்த்துச் சொன்னாள். பிறகு அவன் லோடைப் பார்த்தாள். ஒரு கம்பிக் கட்டில் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினாள். அவன் திட்டிக்கொண்டே போனான்.

அன்று எனக்குத் தெரியாத பதில் இப்போது தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, யாராவது பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வெப்சைட்டைத் திறந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு போகாதீர்கள்.